தாத்தா வீட்டுத் தேக்கைக் கொடுத்து ஏமாந்தோம், 42,000 ரூபாயும் போச்சு

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று ராத்திரிதான் மேஜையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டினேன். மேலே தேக்கு நிறம், உள்ளே வெளேரென்று ஏதோ ஒரு மரம். கூலி மட்டும் 42,000 ரூபாய். மரமும் எங்களுடையது. பழைய வீட்டு மரத்தில் சாமான் செய்ய நினைப்பவர்கள் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தாவின் ஓட்டு வீட்டைத் தை மாதம் பிரித்தோம். எட்டு கைமரம், ஒவ்வொன்றும் 9 அடி, 4க்கு 3 அங்குலம். ஒரு உத்திரம், 10 அடி, 6க்கு 6. எட்டரை கன அடித் தேக்கு. மர வியாபாரி விலைக்குக் கேட்டும் அப்பா கொடுக்கவில்லை. "எனக்குத் தூளி கட்டின உத்திரம்மா அது" என்றார். சாப்பாட்டு மேஜை, இரண்டு பெஞ்சு, மிச்சத்தில் அப்பாவுக்கு ஊஞ்சல் பலகை என்று முடிவு செய்தோம்.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு செயலியில்தான் அந்தப் பட்டறை கிடைத்தது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உத்திரத்தைத் தொட்டார். ஆணி ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருந்த இடத்தில் விரல் வைத்து, "துருக்கறை அக்கா, எவ்வளவு இழைச்சாலும் முழுசா போகாது. போகவும் வேணாம், இதுதான் இந்த மரத்துக்கு அழகு" என்றார். ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து அப்பாவிடம் முகரக் கொடுத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேதான் நான் விழுந்தேன். ரசீது கேட்கவே தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே 25,000 அனுப்பினேன். அப்புறம், உள்ளே ஆணி மாட்டி பிளேடு போய்விட்டது என்று 10,000. பாலிஷுக்கு 7,000.

ஒரு மாதம் என்றது மூன்று மாதம் ஆனது. வந்த மேஜையில் ஒரு ஆணி ஓட்டை இல்லை, ஒரு கறை இல்லை. "பட்டி வச்சு அடைச்சிட்டோம்" என்றார், நம்பினேன். ஊஞ்சல் பலகை அடுத்த வாரம் என்றார், அதையும் நம்பினேன். இருபதாம் நாள் பெஞ்சுக் காலடியில் மாவு மாதிரித் தூள். துடைத்தால் மறுநாளும் தூள். தாத்தா காலத்திலிருந்து பூச்சி அண்டாத மரம் அது!

போன் செய்தால் ஆசாரி ஊருக்குப் போயிருக்கிறாராம். மறுநாள், உங்கள் மரம் உளுத்திருந்தது, கழித்துவிட்டு வேறு போட்டோம் என்றார். கழித்ததைக் கொடுங்கள் என்றேன். "விறகுக்குப் போயிடுச்சு மேடம்." அதுவரை அக்கா, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மேடம். இப்போது போனை எடுப்பதேயில்லை. செயலிக்காரர்களுக்கு எழுதினால், விளம்பரத்துக்கு மட்டும்தான் இடம் தருகிறோம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதில் இரண்டு தடவை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 42,000 ரூபாய் திரும்ப வந்தாலும் உத்திரம் வராது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. இதையாவது செய்யுங்கள். நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் போட்டோ எடுங்கள். அறுக்கும் அன்று கூடவே நில்லுங்கள், துண்டு துணுக்கைக்கூடக் கேட்டு வாங்குங்கள். பாலிஷ் போடுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். நான் போகவில்லை.