இனிப்பு மார்சாலா: அடுப்படியில் நெடுநாள் புழங்கிய பின் ஒரு கருத்து

சமையலுக்கு மார்சாலா என்ற இத்தாலிய ஒயினை வாங்க வேண்டும், இனிப்பானதை வாங்குவதா இனிப்பில்லாததை வாங்குவதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் வைத்திருக்கும் செய்முறைக் குறிப்பில் ‘மார்சாலா ஒரு கிண்ணம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லையாம். இனிப்பு மார்சாலாவைப் பல ஆண்டுகளாகச் சமையலில் பயன்படுத்தி வருகிறேன். இந்த ஒயினைச் சார்ந்து எனக்குள்ள மனத்தாங்கல் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

சிசிலித் தீவின் மேற்குக் கரையில் விளைவது, திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டப்படுவது என்பனவெல்லாம் தெரிந்தவையே. சமைப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது, ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை உள்ளது என்ற ஒரே கணக்குத்தான். 40 கிராமுக்குக் கீழே இருந்தால் ‘செக்கோ’ (இனிப்பில்லாதது), 40 முதல் 100 வரை ‘செமிசெக்கோ’, 100க்கு மேலே போனால் ‘டோல்சே’ (இனிப்பானது) என்று இத்தாலிய விதிகள் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கின்றன. ஆனால் நான் வாங்கும் பாட்டிலில் கண்ணில் அறைவது போல அச்சிட்டிருப்பது ‘சுப்பீரியோரே’ என்ற சொல். அது குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்தது என்பதைச் சொல்லுமே தவிர, இனிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘டோல்சே’ என்ற சொல்லோ பின்பக்கத்தில், தேடிப் படிக்க வேண்டிய அளவில் இருக்கிறது. முதன்முறை வாங்குபவர் எந்தச் சொல்லைப் பார்த்து முடிவு செய்வார்?

இது சிறிய குறை என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒயினைச் சுண்ட வைக்கும்போது நீரும் சாராயமும் ஆவியாகும். சர்க்கரை ஒரு துளியும் ஆவியாகாது. 200 மில்லி டோல்சேயில் குறைந்தது 20 கிராம் சர்க்கரை இருக்கும். அதைக் கால் பங்காகச் சுண்டினால், வாணலியில் எஞ்சும் 50 மில்லியிலும் அதே 20 கிராம் இருக்கும். அது குழம்பு அல்ல, பாகு. தொடக்கத்தில் குமிழிகள் சிறிதாகவும் விரைவாகவும் எழும். ஆவி மூக்கில் சுரீரென்று ஏறும். சற்று நேரத்தில் அந்தக் காரநெடி அடங்கி, உலர்ந்த திராட்சையும் வறுத்த கொட்டையும் கலந்தது போன்ற மணம் எழும். குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெதுவாக வெடிக்கத் தொடங்கும் வேளையில் தீயைத் தணித்தே ஆக வேண்டும். ஒயினில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதி பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை என்பதால், அது சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகிவிடும். வாணலியின் ஓரம் கறுத்துவிட்டால் சாறு முழுவதும் கசக்கும்.

ஆகவே இறைச்சிக்கும் காளானுக்கும் டோல்சேயைப் பயன்படுத்தும்போது, குறிப்பில் உள்ள அளவில் பாதியை மட்டும் எடுத்து, மீதிக்கு உப்பில்லாத இறைச்சிச் சாற்றையோ காய்கறிச் சாற்றையோ ஊற்றி, இறக்கும்போது சில துளிகள் எலுமிச்சைச் சாறு விடுகிறேன். காளான் அந்த இனிப்பை நன்றாகத் தாங்கிக்கொள்கிறது. கோழி அவ்வளவாகத் தாங்குவதில்லை.

இத்தனை குறை சொல்லியும் அதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், அதற்குச் சபாயோனே என்ற இத்தாலிய முட்டை இனிப்பு ஒன்றே போதுமான காரணம். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, டோல்சேயைச் சிறிது சிறிதாக விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல், நீரில் படாமல் வைத்த கிண்ணத்தில் ஆவிச் சூட்டிலேயே விடாமல் அடிக்க வேண்டும். தளதளவென்று இருந்த கலவை நுரைத்துப் பொங்கி, அடிகம்பி போன தடம் ஓரிரு நொடிகள் அழியாமல் நிற்கும்போது இறக்கிவிடலாம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் முட்டை திரிந்து பிசிறுபிசிறாகிவிடும். இனிப்பில்லாத மார்சாலாவில் செய்த சபாயோனேவில் சர்க்கரை தனியாகவும் ஒயின் தனியாகவும் நாவில் படுகிறது. டோல்சேயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மெல்லிய சூட்டில் செய்வதால் சாராயத்தின் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும் என்பதை மட்டும் பரிமாறுமுன் நினைவில் கொள்ள வேண்டும். கொதிக்கும் குழம்பில்கூட 15 நிமிடத்துக்குப் பின் ஏறத்தாழ 40 சதவீதம் எஞ்சியிருக்கும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை. குழந்தைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு நன்மையும் உண்டு. 1773இல் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கிலேய வணிகர், சிசிலியின் மார்சாலா நகரிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய பீப்பாய்கள் கடற்பயணத்தில் கெடாமலிருக்கச் சாராயம் சேர்த்தார். அந்த ஏற்பாட்டின் பயன் இன்றைய சமையலறைக்கும் கிடைக்கிறது. சாதாரண ஒயின் திறந்த சில நாட்களில் புளித்துவிடும்போது, இதை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் மணம் குன்றாமல் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஓரிரு கரண்டி மட்டுமே தேவைப்படும் பொருளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

‘சமையலுக்கானது’ என்ற பெயரில் உப்புச் சேர்த்து விற்கும் வகையை மட்டும் தொடவே வேண்டாம். சர்க்கரையைப் போலவே உப்பும் ஆவியாவதில்லை. சுண்டிய பின் கரிப்பைக் குறைக்க வழியே கிடையாது.

எனக்கு அடுத்த பாட்டிலும் டோல்சேதான். ஆனால் நண்பரிடம் செக்கோவை வாங்கும்படியே சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு பாட்டில் வைத்துக்கொள்பவர் வேண்டும்போது சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளலாம், எடுக்க முடியாது. அது போக, எத்தனை கிராம் சர்க்கரை என்பதை முன்பக்கத்திலேயே எண்ணாக அச்சிட மறுக்கும் ஒரு பொருளை இன்னொருவருக்கு வாங்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.