சீனாய் மலை போகிறவர்களே, பணம் கட்டும் முன் கிழமையைப் பாருங்கள்

எகிப்து வழியாகப் புனித நாடு பயணம் போக யாராவது முன்பணம் கட்டப் போகிறீர்களா? ஏஜென்ட் தரும் பயணத் திட்டத்தில் சீனாய் மலை என்ன கிழமையில் வருகிறது என்று பாருங்கள். வெள்ளியோ ஞாயிறோ என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

மலையடிவாரத்தில் இருக்கும் புனித கேத்தரின் மடத்தை அந்த இரண்டு நாளும் பொதுவாக வெளியாருக்குத் திறப்பதில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருநாள்களிலும் அப்படித்தான். மற்ற நாள்களில் காலையில் சில மணி நேரம் விடுவார்கள், அவ்வளவுதான். வருஷாவருஷம் பஸ் பஸ்ஸாக ஆள் கூட்டிப்போகிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? எங்களுக்குக் கொடுத்த வண்ணத் தாளில் மோசே கண்ட முட்செடி, ஜஸ்டினியன் பேரரசர் 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம், உலகின் மிகப் பழைய ஐகான்கள் (புனிதர்களின் ஓவியங்கள்) என்று எல்லாம் பளபளவென்று இருந்தன. பக்கத்திலேயே நாள்: ஞாயிறு காலை.

முதல் நாள் இரவு பஸ்ஸில் வழிகாட்டி மைக்கைப் பிடித்து, மடத்துக்குள் படம் எடுக்கத் தனி அனுமதி வேண்டும், கேமராவுக்குப் பத்து டாலர் என்றார். ரசீது கேட்டதற்கு, அலுவலகத்தில் மொத்தமாகத் தருவார்கள் என்று பதில். ஆலயத்துக்குள் யாருமே படம் எடுக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி. அதற்குக் காசு வாங்கிக்கொண்டு அனுமதி தர யாராலும் முடியாது. முற்றத்தையும் முட்செடியையும் எடுப்பதற்காக இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் கொடுத்தார்கள்.

நள்ளிரவில் மலை ஏறினோம். ஒட்டகக்காரர்கள் "உச்சி வரை" என்பார்கள், நம்பாதீர்கள். ஒட்டகம் கடைசி 750 படிக்குக் கீழேயே நின்றுவிடும். முழங்கால் வலியோடு வந்த ஒரு அக்கா அங்கேயே போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் எங்களோடு வந்த, பெதூயின் என்ற பாலைவன அரபு இனத்து இளைஞர் தங்கமான பையன். அந்த அக்காவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். உச்சி 2,285 மீட்டர், குளிர் எலும்பைத் துளைக்கிறது. விடியலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இறங்கி வந்தால் மடத்தின் கதவு சாத்தியிருந்தது. வழிகாட்டி முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. "இன்று ஞாயிறு அல்லவா, வெளியிலிருந்து பார்ப்பதுதான் திட்டம்" என்றார். எங்கள் தாளை நீட்டினேன், வாங்கிப் பார்க்கவில்லை. மதிலை ஒட்டிக் கொஞ்சம் மேட்டுக்கு அழைத்துப்போய் இங்கிருந்து எடுங்கள் என்றார். மதிலுக்கு மேல் ஆலயத்தின் மணிக்கூண்டும் அதன் பக்கத்திலேயே ஒரு மசூதிக் கோபுரமும் தெரிந்தன. மடத்துக்குள் மசூதி இருப்பது பலருக்குத் தெரியாது, எகிப்தை ஒரு காலத்தில் ஆண்ட ஃபாத்திமிட் வம்சத்தின் காலத்தது. நல்ல படம்தான். அதை எடுக்கப் பத்து டாலர் எதற்கு? திருப்பிக் கேட்டபோது, "அலுவலகத்தில் கட்டியாயிற்று" என்றார். பூட்டிக் கிடக்கும் மடத்தின் எந்த அலுவலகத்திலோ!

ஊர் திரும்பி ஏஜென்டைக் கேட்டால், "நிகழ்ச்சி நிரல் மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற பொடி எழுத்து வரியைக் காட்டுகிறார். என்ன மாறியது? விமான டிக்கெட் போட்ட அன்றைக்கே ஞாயிறு என்று முடிவாகிவிட்டதே!

நீங்கள் போவதானால் திங்கள் முதல் வியாழன் வரை, அல்லது சனிக்கிழமை காலை மடம் வருகிற திட்டமாகக் கேளுங்கள். மடத்தாரின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பெரும்பாலும் நம்முடைய தேதியில் வராது, அதையும் சரிபாருங்கள். "மடத்துக்குள் நுழைவு உண்டு, இல்லையென்றால் இவ்வளவு திருப்பித் தருவோம்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வழியில் ரசீது இல்லாத வசூல் எதுவானாலும் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஏஜென்ட் பணம் தரமாட்டாராம். அடுத்த ரோம் பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறாராம்.