பிரேக் ப்ளீடிங்: வாக்யூம் பம்ப் வாங்கி ஏமாந்த கதை

பிரேக் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குதுன்னு, பிரேக் லைன்ல சிக்கின காத்த வெளிய எடுக்க (இதுதான் ப்ளீடிங்) கையால இழுக்கிற வாக்யூம் பம்ப் கிட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், கேஜ்லாம் வச்சு பாக்க நல்லா தான் இருந்துச்சு. ஆனா ட்யூப்ல குமிழி வந்துக்கிட்டே இருக்கு, நிக்கவே இல்ல, அரை லிட்டர் பிரேக் ஆயில் போனதும் தான் மண்டைல உறைச்சுது, அது லைன்ல இருக்கிற காத்து இல்ல, லூஸ் பண்ண நிப்பிளோட (சக்கரத்துக்கிட்ட காத்த வெளிய விட திறக்கிற சின்ன திருகு) மரை வழியா வெளிக்காத்த பம்பே உறிஞ்சுது. மரையில டெஃப்லான் டேப் சுத்தினா குறையும், ஆனா முழுசா நிக்காது. கிட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு தான் குடுப்பேன்.

கடைசில வேலைக்கு ஆனது பழைய முறை தான். தம்பி உள்ள உக்காந்து பெடல மிதிச்சு புடிச்சிக்குவான், நான் நிப்பிள திறந்து மூடுவேன், மூடிட்டேன்னு கத்துற வரைக்கும் அவன் கால எடுக்கக்கூடாது, எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். ஆள் இல்லன்னா செக் வால்வு (ஒரு பக்கமா மட்டும் போக விடுற வால்வு) வச்ச ட்யூப் போதும், விலையும் கம்மி.

நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர் தான் போடணும், ஓப்பன் ஸ்பேனர் போட்டு ஒரு நிப்பிளோட மூலைய நானே மழுக்கிட்டேன். மேல டேங்க்ல ஆயில் மினிமம் கோட்டுக்கு கீழ இறங்க விடாதீங்க. வண்டிக்கு டாட் 4 (பிரேக் ஆயில்ல ஒரு ரகம்) கேட்டா டாட் 4 தான், அதுவும் புது டப்பா, திறந்து வச்சது ஈரத்த இழுத்துக்கும். பெயிண்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்துங்க, என் பம்பர்ல ஒரு தழும்பு இருக்கு.