லென்ஸ்: படிக்க அருமை, நிறுவுவதில்தான் வேலை

ஆய்வுக் கட்டுரையை பிடிஎஃப்-இல் படிப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான். மூன்றாம் பக்கத்தில் ‘படம் 4 காண்க’ என்றிருக்கும். படம் 4 ஏழாம் பக்கத்தில் கிடக்கும். பார்த்துவிட்டுத் திரும்பினால் விட்ட வரியைத் தேட வேண்டும். ஈலைஃப் ஆய்விதழ் 2013-இல் வெளியிட்ட லென்ஸ் என்ற திறமூல மென்பொருள், முக்கியமாக இந்தத் தொல்லையைத் தீர்க்க எழுதப்பட்டது.

திரையின் இடப்பக்கம் கட்டுரை. வலப்பக்கம் படங்கள், மேற்கோள் நூல்கள், உள்ளடக்கம், கட்டுரை விவரம் எனத் தாவல்கள். உரையில் ‘படம் 4’-ஐச் சொடுக்கினால் அந்தப் படம் விளக்கத்தோடு வலப்பக்கம் வந்து நிற்கும். படித்துக்கொண்டிருந்த வரி அசையாது. இதன் மறுபக்கம் இன்னும் அருமை. வலப்பக்கம் ஒரு மேற்கோளைத் தேர்ந்தெடுத்தால், கட்டுரையில் அது வரும் இடங்களெல்லாம் உருள்பட்டையில் வண்ணக் கோடுகளாகத் தெரியும். ஒரே ஒரு பழைய ஆய்வை நம்பிக் கட்டுரை முழுக்க ஓட்டியிருந்தால், கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும்!

லென்ஸ் படிப்பது பிடிஎஃப்-ஐ அல்ல, கட்டுரையின் பகுதிகளைக் குறியிட்டு வைக்கும் ஜாட்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பை. உலாவியே அதை வாங்கி, ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஜேசன் என்ற தரவு வடிவுக்கு மாற்றிக் காட்டுகிறது. சூத்திரங்களை மேத்ஜாக்ஸ் என்ற நிரல் கவனித்துக்கொள்ளும். சர்வர் கோப்புகளைக் கொடுத்தால் போதும்.

நிறுவ, கிட்ஹப்பிலிருந்து ‘லென்ஸ் ஸ்டார்ட்டர்’ தொகுப்பை இறக்கி, கட்டளைவரியில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ (தேவையான நிரல்களை இறக்கும்), பிறகு ‘கல்ப்’ (தொகுத்து ஓட்டும்). எல்லாம் சரியாக நடந்தால் உங்கள் கணினியின் 4001 போர்ட்டில் (localhost:4001) மாதிரிக் கட்டுரை திறக்கும். ‘பிரைமார்டியல்ஸ்’ என்று ஒரு பிழை வந்து நின்றால் கோளாறு உங்கள் கோப்பில் இல்லை. இது பயன்படுத்தும் கல்ப் 3, ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இன் 12-ஆம் பதிப்பிலிருந்து ஓடாது. நோட் 10-ஐப் போட்டுக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸ் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் கட்டுரை வராது. வட்டிலிருக்கும் கோப்பை இப்படி எடுக்க உலாவி விடுவதில்லை. சிறிய வெப் சர்வர் ஒன்றாவது வேண்டும். எக்ஸ்எம்எல் வேறு டொமைனில் இருந்தால் அந்த சர்வர் கார்ஸ் அனுமதி (வேறு தளம் தன் கோப்பை எடுக்க விடும் அனுமதி) தர வேண்டும்.

அதிகம் படுத்துவது படங்கள். விளக்கம் தெரிகிறது, படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது என்றால் எக்ஸ்எம்எல்-இல் ‘கிராஃபிக்’ குறியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வெறும் கோப்புப் பெயர் இருக்கும், அல்லது டிஃப் (TIFF) வடிவப் படம் இருக்கும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் டிஃப்பைக் காட்டாது. ஜேபெக் அல்லது பிஎன்ஜி ஆக்குங்கள். பிறகு படத்தின் இணைய முகவரி. ஈலைஃப், பிளாஸ் போன்ற பதிப்பகங்களுக்கு, அவற்றின் எக்ஸ்எம்எல்-ஐ லென்ஸுக்கு ஏற்றபடி ஆக்கும் மாற்றிகள் கூடவே வருகின்றன. மற்ற இதழ்கள் படத்தின் முழு முகவரியைக் கட்டித் தரும் சில வரிகளைத் தாங்களே எழுத வேண்டும்.

ஓஜேஎஸ் 3 என்ற ஆய்விதழ் மென்பொருளில் இதழ் நடத்துபவர்களுக்கு இவ்வளவு பாடில்லை. லென்ஸ் செருகுநிரல் உண்டு. எக்ஸ்எம்எல்-ஐ ‘கேலி’யாக (galley, வாசகர் திறக்கும் கட்டுரைக் கோப்பு) ஏற்றி, படங்களை அதன் சார்புக் கோப்புகளாக, எக்ஸ்எம்எல்-இல் உள்ள அதே பெயரில் சேர்த்தால் போதும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் படம் வராது.

கைபேசியில் இரண்டு பலகத்துக்கு இடமில்லாததால் லென்ஸின் பலம் பாதி போய்விடுகிறது. பிடிஎஃப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கோ இது பயன்படவே படாது. அவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸில் 2013 முதல் உள்ளேயே இருக்கும் பிடிஎஃப்.ஜேஎஸ் என்ற பிடிஎஃப் படிப்பான் போதும்: படத்துக்கான இணைப்பில் தாவியபின், உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்துக்கே திரும்பலாம்.