லினக்ஸ் மடிக்கணினியில் இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: ஐந்து வாரப் பயன்பாட்டுக்குப் பின்

விண்டோஸை முற்றிலும் நீக்கிவிட்டு டெபியன் 12 என்ற லினக்ஸ் வழங்கலை நிறுவிய என் மடிக்கணினியில் திரை, விசைப்பலகை, தொடுதளம், ஒலி, கேமரா எல்லாம் முதல் நாளிலேயே ஒழுங்காக இயங்கின. கைரேகை உணரியை விட்டுவிட்டால், வைஃபை மட்டும்தான் இயங்கவில்லை. அந்தக் குறையோடு சில வாரங்கள் போராடிப் பார்த்துவிட்டு, கணினியுடன் வந்த கார்டைக் கழற்றி, அதனிடத்தில் இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்210 கார்டைப் பொருத்தினேன். இன்றோடு ஐந்து வாரங்கள் ஆகின்றன. இது அந்தக் கார்டைப் பற்றிய மதிப்பீடுதான். ஆனால் லினக்ஸில் ஒரு வைஃபை கார்டு வேலை செய்வதும் செய்யாமல் போவதும் கார்டு, கெர்னல் (லினக்ஸின் மையநிரல்), ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) ஆகிய மூன்றும் ஒத்துப்போவதைப் பொறுத்தது என்பதால், கார்டை மட்டும் தனியே பிரித்து நல்லது கெட்டது சொல்ல இயலாது.

பழைய கார்டு யாருடைய தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை. அதற்கான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கெர்னலுக்குள் இல்லை என்பதுதான் சிக்கல். தன்னார்வலர் ஒருவர் பராமரித்துவந்த மூலநிரலைப் பதிவிறக்கி, டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகத் தொகுத்து நிறுவ வேண்டியிருந்தது. அப்படி நிறுவிய டிரைவர், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். தொகுப்பு பாதியில் நின்றுவிட்டால் அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது இணையம் இருக்காது, இணையம் இல்லாமல் தீர்வைத் தேடவும் முடியாது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. கையொப்பமிடப்படாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. நாமே ஒரு சாவியை உருவாக்கி, கணினி மறுபடி தொடங்கும்போது தோன்றும் நீலத் திரையில் அதைப் பதிவுசெய்து உறுதிப்படுத்த வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகும், காணொளி அழைப்பின் நடுவே இணைப்பு அறுந்துபோவது நிற்கவில்லை. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபைக்கான மின்சேமிப்பை அணைத்ததும் சற்றுக் குறைந்ததே தவிர, முழுதாகத் தீரவில்லை.

இந்த நிலைக்கு வருமுன் நான் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலேயே இயக்கி, டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-என்என்கே’ என்ற விருப்பத்துடன் கொடுத்தால், கணினியில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் பெயரும், சதுர அடைப்புக்குள் அதன் அடையாள எண்ணும், அதன் கீழே எந்த டிரைவர் அதை இயக்குகிறது என்ற வரியும் வரும். அடையாள எண்ணின் முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 14ஈ4 என்றால் பிராட்காம். என் பழைய கார்டுக்குப் பெயரும் எண்ணும் வந்தன. டிரைவருக்கான வரி மட்டும் வரவில்லை. வன்பொருள் பழுதில்லை, அதைப் பேசவைக்க ஆளில்லை என்பதற்கு அந்த ஒரு வரியின் இன்மையே போதுமான சான்று. மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்துத் தேடி ‘லினக்ஸ் நன்றாக ஓடுகிறது’ என்று யாரோ எழுதியதை நம்பி இறங்குவது சரியான வழியல்ல. ஒரே மாடல் வெவ்வேறு வைஃபை கார்டுகளுடன் விற்பனைக்கு வருவது வழக்கம். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வோர், இந்தச் சோதனைக்கு முன் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் விண்டோஸ் முழுமையாக நிறுத்தப்படாமல் போய், கார்டு லினக்ஸுக்குக் கிடைக்காத நிலையில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

கெர்னலின் எண்ணைக் கவனிப்பது ஏன் முக்கியம் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். ரியல்டெக்கின் வைஃபை 5 சிப்களுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 2019-இல் வந்த கெர்னல் 5.2-இல் சேர்ந்தது. மீடியாடெக் எம்டி7921 சிப்புக்கான டிரைவர் 2021-இல், கெர்னல் 5.12-இல் சேர்ந்தது. ரியல்டெக்கின் வைஃபை 6 சிப்களுக்கான ஆர்டிடபிள்யூ89 டிரைவர் 2022-இன் தொடக்கத்தில் வந்த 5.16-இல்தான் சேர்ந்தது. டெபியன் 11 தன்னுடன் கொண்டுவந்த கெர்னல் 5.10; டெபியன் 12 கொண்டுவந்தது 6.1. எனவே அதே மடிக்கணினி, அதே கார்டு, முந்தைய பதிப்பில் ஊமையாகவும் பிந்தைய பதிப்பில் தானாகவே இணைந்துகொள்வதாகவும் இருக்கும். ‘எந்த லினக்ஸ் நல்லது’ என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் திருப்பிக் கேட்பது, கணினி எந்த ஆண்டுடையது, வழங்கலின் கெர்னல் எத்தனை என்ற இரண்டையும்தான். ஏஎக்ஸ்210 இந்த வகையில் பழைய ஆள், கெர்னல் 5.10 முதலே ஆதரவு உண்டு.

மூன்றாவது கண்ணி ஃபர்ம்வேர். இன்றைய வைஃபை கார்டு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு செயலியைக் கொண்டது. அந்தச் செயலிக்கான நிரலைப் பெரும்பாலான கார்டுகள் தம்மிடம் நிலையாக வைத்திருப்பதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதை ஒரு கோப்பிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அந்தக் கோப்புகளின் மூலநிரல் திறந்ததல்ல என்பதால், டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அவற்றைச் சேர்க்காமலே பல ஆண்டுகள் இருந்தது. நிறுவும்போது இடையில் திரை நின்று, இன்ன கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவா என்று கேட்கும். 2022 அக்டோபரில் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பின் மூலம் இந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12-இன் வட்டிலேயே ஃபர்ம்வேர் கோப்புகள் வந்துவிட்டன. கொள்கையளவில் இதை ஏற்காதவர்கள் உண்டு. அவர்களுடைய தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈதர்நெட் துளையே இல்லாத மெல்லிய மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரவில் உட்கார்ந்திருப்பவருக்கு, மாற்றம் தேவையானதாகத்தான் தெரியும்.

இனி கார்டுக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கியது ஏஎக்ஸ்210 அல்ல, ஏஎக்ஸ்211. எண் ஒன்று கூடுதலாக இருக்கிறதே, புதியதாகவும் மேலானதாகவும் இருக்கும் என்று எண்ணி வாங்கிய தவறு முழுக்க என்னுடையது. ஏஎக்ஸ்211 சிஎன்விஐ வகையைச் சேர்ந்தது. வைஃபையின் ஒரு பகுதி வேலையை இன்டெல்லின் குறிப்பிட்ட செயலிகளும் சிப்செட்டுகளுமே செய்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. என் மடிக்கணினியில் இருப்பது ஏஎம்டி செயலி. கார்டு அதே அளவு, அதே எம்.2 துளையில் அழகாக உட்கார்ந்தது, திருகும் சரியாகப் பொருந்தியது. கணினிக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஏஎக்ஸ்210 அப்படியல்ல. அது வைஃபைக்கு வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தையும் ப்ளூடூத்துக்கு யூஎஸ்பி தடத்தையும் பயன்படுத்துவதால், செயலி யாருடையதாக இருந்தாலும் வேலை செய்யும். யூஎஸ்பி தடம் இணைக்கப்படாத துளையாக இருந்தால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது. வாங்குமுன் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு: கார்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் மாற்றவே முடியாது, சில மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்), தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடங்கவே மறுக்கும்.

22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இந்தச் சிறு பலகையைப் பொருத்துவதில் கடினமான கட்டம் ஆன்டெனா கம்பிகள்தான். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பிறகு, கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகளைப் பழைய கார்டிலிருந்து நேர் மேல்நோக்கி எடுக்க வேண்டும். எது எங்கே இருந்தது என்று முதலிலேயே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அவற்றின் நுனியில் உள்ள இணைப்பான் கடுகைவிடச் சற்றே பெரியது. அதைப் புதிய கார்டின் பொருத்துமிடத்துக்கு நேர் மேலே நிறுத்தி, நகத்தால் செங்குத்தாக அழுத்தினால், ‘டிக்’ என்ற ஓசை காதில் விழுவதைவிட விரலில்தான் உணரப்படும். சாய்த்து அழுத்தினால் விளிம்பு நசுங்கிவிடும். பலமுறை கழற்றி மாட்டுவதற்கும் இவை ஏற்றவையல்ல. எனக்கு இரண்டாவது கம்பி சரியாக அமரவில்லை. ரூட்டர் இருக்கும் அறையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பக்கத்து அறைக்குப் போனதும் சமிக்ஞை சரிந்தது. மறுபடி திறந்து அழுத்தியபோதுதான் அந்த ‘டிக்’ கிடைத்தது.

முதல் முறை தொடங்கியபோது வைஃபை வரவில்லை. காரணம் எளிது: டெபியனின் நிறுவி, நிறுவும் நேரத்தில் கணினியில் காணும் வன்பொருளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் தொகுப்புகளை மட்டுமே நிறுவும், நான் நிறுவியபோது இன்டெல் கார்டு உள்ளே இல்லை. கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கை இயக்கினேன். இதற்குத் தனி டிரைவர் எதுவும் தேடவேண்டியதில்லை, கெர்னலிலேயே இருக்கிறது. லினக்ஸ் நிறுவ உட்காரும் எவரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அந்தக் கம்பிதான். ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’ என்ற தொகுப்பை நிறுவி மறுபடி தொடங்கியதும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒருசேர வந்தன. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பதிவைப் பார்ப்பவர்கள், இன்ன எண்ணுள்ள ஃபர்ம்வேர் கோப்பைத் திறக்க முடியவில்லை, பிழை -2 என்ற வரிகளைக் கண்டு பதற வேண்டாம். டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய எண்ணிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிறது. -2 என்றால் கோப்பு அங்கே இல்லை என்றுதான் பொருள். கடைசியில் ஒன்று கிடைத்து ஏற்றப்பட்டிருந்தால் முன்னவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அதன் பிறகான ஐந்து வாரங்களைப் பற்றிச் சொல்லச் செய்தி அதிகமில்லை என்பதே இந்தக் கார்டுக்கு நான் தரும் சான்றிதழ். காணொளி அழைப்பு அறுந்ததில்லை. மூடியைத் திறந்தால் கடவுச்சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் இணைப்பு வந்துவிடுகிறது. ப்ளூடூத் ஹெட்செட்டும் முறையாக இணைகிறது. என் ரூட்டர் வைஃபை 5 வகை. ஆகவே இணைப்பு வேகமாக ‘ஐடபிள்யூ’ கட்டளை காட்டுவது வினாடிக்கு 866.7 மெகாபிட். கார்டின் உச்சமான 2.4 ஜிகாபிட் கிடைக்க 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைத்தடத்தை ஆதரிக்கும் ரூட்டர் வேண்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கார்டை வாங்குவோர் ஏமாற நேரிடும்.

தெரிந்துகொண்டு வாங்க வேண்டிய வரம்புகள் இரண்டு. எந்த நாட்டின் அலைவரிசை விதிகளின்படி நடக்க வேண்டும் என்பதை இந்தக் கார்டின் ஃபர்ம்வேர், சுற்றியுள்ள ரூட்டர்களின் அறிவிப்புகளைக் கொண்டு தானே தீர்மானிக்கிறது. பயனர் கட்டளை கொடுத்து அதை மாற்ற முடியாது. அதனால் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. மடிக்கணினியையே 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட்டாக மாற்றும் முயற்சியும் பெரும்பாலும் மறுக்கப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் வைப்பதற்குத் தடையில்லை. மடிக்கணினியை அவ்வப்போது ரூட்டராகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இது பொருத்தமான கார்டு அல்ல.

கணினியைத் திறக்கத் துணிவில்லாதவர்களும், கார்டு பற்றவைக்கப்பட்டிருப்பவர்களும் யூஎஸ்பி வைஃபை அடாப்டரை நாடலாம். அதிலும் விதி மாறாது: பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் சிப்பைப் பார்க்க வேண்டும். மீடியாடெக் எம்டி7612யூ சிப்புக்கு கெர்னல் 4.19 முதலும், வைஃபை 6 வகையான எம்டி7921ஏயூ சிப்புக்கு 5.18 முதலும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கைரேகை உணரியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: என்னுடையது இன்னும் வேலை செய்யவில்லை. லினக்ஸில் கைரேகை உணரிகளை இயங்கவைக்கும் லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் அதன் எண் இல்லை. நான் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

பழைய கார்டை, உத்தரவாதக் காலத்தில் பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஏஎக்ஸ்210 வந்த உறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் கெர்னலுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று வந்தது. பழக்கதோஷத்தில் கைபேசிக் கம்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கணினியை மறுபடி தொடங்கினேன். உள்நுழைவுத் திரை வந்தபோதே மூலையில் வைஃபை குறி முழுமையாக இருந்தது.