அறையா, கூண்டா? இடுப்பு முறிந்த பூனையோடு ஆறு வாரம்

இடுப்பெலும்பு முறிந்த பூனையை வீட்டில் எங்கே வைத்துக் காப்பாற்றுவது? போன புரட்டாசிக்கு நாலு நாள் முந்தி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. தனி அறை, குழந்தைகளைப் படுக்கவைக்கும் கேம்ப் காட், நாய்க்கூண்டு என்று மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் சறுக்கினேன். என் ஓட்டு கூண்டுக்கு.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில், பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஒரு வண்டிக்கடியில் கிடந்தாள். உடம்பெல்லாம் சாளை மீன் வாடை. தூத்துக்குடிக்காரிக்கு வேறு பெயரா தோன்றும்? சாளை என்றே வைத்துவிட்டேன். துண்டைப் போட்டுத் தூக்கியிருக்க வேண்டும். வெறுங்கையை நீட்டிக் கட்டைவிரலில் கடி வாங்கினேன். எங்கள் மாகாணமான க்வாஸுலு-நட்டாலில் வெறிநோய் உண்டு. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அவளைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிட்டு, நான் தடுப்பூசிக்கு ஓடினேன்.

இடம் தேடும் முன் இன்னொரு போட்டி இருந்தது: அறுவையா, வெறும் ஓய்வா? இடுப்பெலும்பு ஒரு வளையம். வளையல் மாதிரி, ஒரே இடத்தில் மட்டும் உடைவது அபூர்வம். தொடையெலும்பு உட்காரும் கிண்ணமோ, அங்கிருந்து முதுகெலும்புக்குப் பாரம் ஏறும் பகுதியோ உடைந்து விலகியிருந்தால் பெரும்பாலும் தகடும் ஸ்குரூவும்தான். முறிந்த துண்டு உள்பக்கம் சாய்ந்து மலம் போகும் வழியை நெருக்கினாலும் அப்படியே. சாளைக்கு அடிப்பக்கத்தில் இரண்டு முறிவு; கிண்ணம் தப்பியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அறுவைச் செலவைக் கேட்டேன். எங்கள் இரண்டு மாச வாடகை. ‘இவளுக்கு ஓய்வே போதும்’ என்று மருத்துவர் சொன்னபோது வந்த நிம்மதியில், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது. வாலில் உணர்ச்சி இருக்கிறதா, சிறுநீர் தானாகப் போகிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்கு விட்டார்.

முதலில் விருந்தினர் அறை. கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தரையில் மெத்தை போட்டு, அலமாரியைப் பூட்டினேன். அவள் இஷ்டப்படி படுக்கட்டும், அடைத்துவைப்பது பாவம் என்று நினைப்பு. ஐந்து நாள் கட்டிலடியிலேயே கிடந்தாள். சாப்பிட்டாளா என்று கிண்ணத்தை வைத்து ஊகிக்கலாம். வலிக்கிறதா என்று தெரிய வழியில்லை. ஆறாம் நாள் காலை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். டர்பனில் இருப்பவர்களுக்கு மீதி புரிந்திருக்கும். குரங்கு. பர்க்லர் கம்பிக்குள் ஒரு கரிய கை நுழைந்து திரைச்சீலையை இழுத்தது. தரையில் தவழ்ந்துகொண்டிருந்த சாளை ஒரே தாவலில் கட்டில்மேல், அடுத்த தாவலில் ஜன்னல் திட்டில், உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து நிற்கிறாள். நிற்கிறாள் என்பது சரியில்லை. முன்னங்கால் இரண்டும் நிற்க, பின்பாதி திட்டோரம் தொங்குகிறது. குரங்கு போய்விட்டது. அவளை இறக்கும்போது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மறுபடி எக்ஸ்ரே. நல்லவேளை, எலும்பு இடம் மாறவில்லை.

கேம்ப் காட் பக்கத்து வீட்டு ஆயாவின் யோசனை. எழுபதைத் தாண்டியவர், கேட்டோ மேனரில் பிறந்தவர். பேசுவது அடுப்படித் தமிழும் ஆங்கிலமுமாக. “ஷேம், பாவம் கண்ணு, பேத்தியோட காட் சும்மாதானே கிடக்கு” என்று கொண்டுவந்தார். பார்க்க அழகு, காற்றோட்டம், குனியாமல் தூக்கலாம். ஆனால் மேல்மூடி கிடையாது, பக்கமெல்லாம் வலை. பூனைக்கு வலை என்றால் ஏணி. முதல் ராத்திரியே நகம் மாட்டிப் பாதியில் தொங்கினாள். அதோடு அது திரும்பிப் போயிற்று.

கூண்டு மூன்றடி நீளம், பெரிய நாய்க்கானது. ஒரு கோடியில் மடித்த போர்வை, மறுகோடியில் மலஜலத்துக்கு மண் தட்டு, நடுவில் தண்ணீரும் சாப்பாடும். நின்று திரும்ப இடம் உண்டு, தாவ உயரம் இல்லை. அதுதான் வேண்டும். மண் தட்டுகள் எல்லாம் விளிம்பு உயரமாக இருந்தன; முறிந்த இடுப்போடு காலைத் தூக்க முடியாதே என்று கேக் சுடும் தட்டைக் கொடுத்தேன். தொடைக் காயத்தில் தையல் இருந்ததால் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள். பாதிக் கூண்டைப் பழைய புடவையால் மூடி, வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். “ஜெயில் மாதிரி இருக்கே” என்றார் ஆயா. முதல் இரண்டு நாள் சாளையும் அதையே சொன்னாள், ராத்திரி பூராவும்.

கூண்டு எலும்பை அசையாமல் பிடிக்கிறது என்பது பாதிதான். மீதி, எனக்கு அவள் முகம் தெரிந்தது. பூனை வலியைச் சொல்லாது, ஒளிக்கும். 2019-இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் முகத்தை வைத்து வலியை அளக்க ஒரு முறை வெளியிட்டார்கள்: காது வெளிப்பக்கம் திரும்புகிறதா, கண் இடுங்குகிறதா, மூஞ்சி இறுகுகிறதா, மீசை விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்கிறதா என்று ஐந்து. கட்டிலடியில் கிடந்தவளிடம் இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கூண்டில் சாயங்காலம் மருந்து வேளை நெருங்க நெருங்க காதுகள் விலகுவதைப் பார்த்தேன்; மருத்துவரிடம் சொன்னதும் மருந்து வேளையை மாற்றினார்.

ஒன்று, எல்லா முறிவுக்கும் கூண்டு பொருந்தாது. தொடையெலும்பின் தலையை வெட்டி எடுத்த பூனைக்கு நேர் எதிர். அது சீக்கிரம் நடக்க ஆரம்பிக்க வேண்டும், அடைத்துவைத்தால் கால் விறைத்துவிடும்.

மருந்தில் போட்டியே கிடையாது. அவள் முனகுவதைக் கேட்ட ஆயா கைப்பையிலிருந்து அரைப் பனாடோவை எடுத்தார். பாய்ந்து பிடுங்கினேன். அது பாராசிட்டமால், நாய்க்கும் நமக்கும் இருக்கிற மாதிரி அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும். ஒரு மாத்திரையே கொல்லலாம். மருத்துவர் தந்த மெலாக்சிகாம் என்ற வலி மருந்துச் சொட்டு மட்டும்தான் கொடுத்தேன், அதுவும் சாப்பிட்ட பிறகு. சாப்பிடாத நாளில் கொடுக்காமல் போன் செய்யச் சொல்லியிருந்தார்; சிறுநீரகத்துக்கு ஆகாது.

தையலை நக்காமல் இருக்க பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையா, துணிச் சட்டையா? பட்டைதான். சட்டையை இருபது நிமிஷத்தில் உரித்துப் போட்டாள்.

சாப்பாடுதான் தர்மசங்கடம். புரட்டாசியில் என் அடுப்பில் கவிச்சி ஏறாது. ஆயாவுக்கோ மாசம் முழுக்க விரதம், சனிக்கிழமைகளில் கோவிந்தா பூஜை. அவர் கொடுத்த தயிர்சோற்றைச் சாளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பக்கம் நியாயம் உண்டு: டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு உண்டாக்க முடியாது, இறைச்சி, மீன் மாதிரி உணவில் இருந்து வர வேண்டும், எலும்பு கூடுகிற நேரத்தில் பட்டினி போடவும் கூடாது. தக்காளிச் சாற்றில் ஊறிய டின் மீன் நமக்குச் சரி, அவளுக்கு உப்பு அதிகம். அதைக் குழம்பாக்கி வெங்காயம் பூண்டு சேர்த்தால் நேராக விஷம். கடைசியில் பூனைக்கான ஈர டப்பா உணவு. தண்ணீர்ச் சத்தும் சேரும், மலமும் இளகும். டப்பா திறப்பது சமையல் ஆகாது என்று பெருமாளோடு ஓர் உடன்பாடு.

தீபாவளி அன்று கூண்டில் ஆறாவது வாரம். எட்டு மணிக்கு வெடி தொடங்கியது. புடவைக்கு மேல் கம்பளி போட்டு நாலு பக்கமும் மூடி, டிவியைச் சத்தமாக வைத்தேன். உள்ளே கையை விட்டால் அவள் இதயம் படபடக்கிறது, ஆனால் தாவவில்லை. அறையில் இருந்திருந்தால் அலமாரி உச்சிக்கே ஏறியிருப்பாள்.

அந்த வாரக் கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த எலும்பு ஒட்டிக் கூடியிருந்தது. கதவைத் திறந்துவிட்டேன், சோபாவுக்கு ஏறுகிறாள், இறங்கும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கிறாள். எலும்பு ஒட்டும்போது உள்வழி குறுகி, மாசக்கணக்கு கழித்து மலச்சிக்கலாகக் காட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் காலையில் காப்பிக்கு முன்னால் மண் தட்டு. “என்ன கண்ணு, பாஸா, ஃபெயிலா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆயா கேட்பார். இன்றைக்குப் பாஸ்.