சோலார் போடுவதற்கு முன்னால் கேரவன் பேட்டரியை எதை வைத்து அளப்பது?

கேரவன் கூரையில் எத்தனை வாட் பேனல் போடலாம் என்று கேட்பவர்களிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு கரன்ட் செலவாகிறது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கூரையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம்தான் இருக்கும். செலவை அளந்து பார்க்க நல்ல நேரம் சோலார் வருவதற்கு முன்புதான். பேனல் ஏறிவிட்டால் பகலில் வரவும் செலவும் ஒன்றாகக் கலந்துவிடும்: ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்க, பேனல் 8 ஆம்பியர் கொடுக்க, பேட்டரியில் மாட்டிய மீட்டர் 3 ஆம்பியர் உள்ளே போகிறது என்று மட்டும் காட்டும். இப்போது என்றால் வெளிக் கரன்ட் பிளக்கைப் பிடுங்கினால் போதும், செலவு மட்டும் தனியாகத் தெரியும்.

அளக்க ஐந்தாறு வழிகள் உண்டு. காசு செலவில்லாதது பேப்பரும் பேனாவும்தான். ஒவ்வொரு சாமானும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கூட்ட வேண்டும். எல்இடி விளக்கு, போன் சார்ஜர், தண்ணீர் பம்ப் இதற்கெல்லாம் இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். பம்ப் 6, 7 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் ஓடும், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாட்டிக்கொள்வது ஃப்ரிட்ஜில். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம், நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 36 ஏஹெச் (ஆம்பியர் அவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). அதே ஃப்ரிட்ஜ் வெயில் காலத்தில், கதவை அடிக்கடி திறந்து மூடுகிற வீட்டில் 60 சதவீத நேரம் ஓடினால் 65 ஏஹெச். எந்த எண்ணை எழுதுவீர்கள்? பேப்பருக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே ஒரு ஆம்பியர் தின்னும் என்பதும் அதில் ஏறாது, ஏனென்றால் யாரும் அதை ஒரு சாமானாக நினைத்து எழுதுவதில்லை.

அடுத்தது வோல்ட் மீட்டர். பல கேரவன்களில் பேட்டரி நிலையைக் காட்டச் சுவரில் இருக்கும் நாலு விளக்குப் பலகையும் இதே ஜாதிதான், வோல்ட்டைப் பார்த்துவிட்டு விளக்கு எரிய வைக்கிறது, அவ்வளவே. லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் ஃபுல், 12.1 பக்கம் வந்தால் பாதி என்பார்கள், உண்மைதான், ஆனால் பேட்டரி சில மணி நேரம் எந்த லோடும் சார்ஜும் இல்லாமல் ஓய்வில் இருந்தால் மட்டும். ஆள் தங்கியிருக்கிற வண்டியில் அந்த ஓய்வு எங்கே கிடைக்கும்? கம்ப்ரசர் ஓடும்போது 12.1 காட்டும், அது நின்று சிறிது நேரத்தில் 12.3-க்கு ஏறிவிடும், நடுவில் யாரும் சார்ஜ் போடவில்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் வரும் என்று சொல்வது மாதிரி ஒரு குத்துமதிப்பு.

லித்தியம் பேட்டரி என்றால் இந்தக் குத்துமதிப்பும் கிடையாது. பாதி சார்ஜிலும் 13.2 பக்கம், முக்கால்வாசியிலும் கிட்டத்தட்ட அதே, அப்புறம் கடைசியில் சட்டென்று விழும். பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வோல்ட் மீட்டர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பேனல் வாங்க அதை நம்பாதீர்கள்.

கிளாம்ப் மீட்டர் எனக்குப் பிடித்த கருவி, ஆனால் வேறு வேலைக்கு. ஒயரை அறுக்காமல், சுற்றிக் கவ்விப் பிடித்தாலே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடும். வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், 12 வோல்ட் ஒயரில் வைத்தால் பூஜ்யம். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்துக் கவ்வினாலும் பூஜ்யம்தான், ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும்.

இதன் அருமை தெரிவது திருட்டுச் செலவைத் தேடும்போது. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கவ்விப் பாருங்கள். 0.6 ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். ஒன்றுமே ஓடவில்லையே! இப்போது ஒருவர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். கேஸ் கசிவு அலாரம் கொஞ்சம், ஸ்டீரியோவின் மெமரி கொஞ்சம், ஹீட்டர் போர்டு கொஞ்சம் என்று ஆளுக்குக் கொஞ்சமாகக் குறையும். 0.6 ஆம்பியர் 24 மணி நேரம் போனால் 14.4 ஏஹெச். 100 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்ற கணக்கில், எடுக்கக்கூடியதில் கால் பங்குக்கு மேல் சும்மா இருப்பதற்கே போகிறது. அலாரத்தின் ஃபியூஸை மட்டும் மறக்காமல் திரும்பச் செருகிவிடுங்கள். கிளாம்ப் மீட்டரின் குறை, அது அந்த நொடியை மட்டும் சொல்லும், இரவெல்லாம் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்காது. அரை ஆம்பியருக்குக் கீழே மலிவு மீட்டர்கள் கொஞ்சம் உளறவும் செய்யும்.

நடுவில் இன்னும் சில. ஒரே சாமானின் ஒயரில் மாட்டுகிற சின்ன வாட் மீட்டர் ஃப்ரிட்ஜை மட்டும் ஒரு நாள் அளக்க நல்லது, பெரிய லோடுக்கு வேண்டாம், அதன் மெல்லிய ஒயர் சூடாகிவிடும். லித்தியம் பேட்டரியோடு வரும் ப்ளூடூத் ஆப் வசதிதான், ஆனால் அவற்றில் பல சின்ன கரன்ட்டைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, மேலே சொன்ன அந்த 0.6 அதில் மாயமாகிவிடலாம்.

கடைசியாக ஷன்ட் மானிட்டர். பேட்டரி நெகட்டிவ் பக்கம் ஒரு கனமான உலோகத் துண்டு, வண்டிக்குப் போகிற வருகிற கரன்ட் முழுவதும் அது வழியாகத்தான் போக வேண்டும். 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட் என்று போட்டிருந்தால், ஒரு ஆம்பியருக்கு அதன் இரு முனைக்கும் நடுவே 0.1 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அதை அளந்து, நேரத்தோடு பெருக்கி, ராத்திரி பகல் பார்க்காமல் கூட்டிக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜ் எவ்வளவு நேரம் ஓடியது என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, காலையில் எழுந்து பார்த்தால் இரவில் 31 ஏஹெச் போயிருக்கிறது என்று எண்ணாகவே இருக்கும். குறை இல்லாமல் இல்லை. பேட்டரியின் கொள்ளளவை நாம்தான் சரியாக உள்ளிட வேண்டும். பேட்டரி உண்மையிலேயே ஃபுல் ஆன பிறகு 100 சதவீதம் என்று செட் செய்யாவிட்டால் சதவீதக் கணக்கு முதல் நாளிலிருந்தே பொய். பழைய லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவோ தேய்ந்திருக்கும், அப்போதும் சதவீதத்தை நம்ப முடியாது. ஆனால் சோலாருக்கு நமக்கு வேண்டியது சதவீதமே இல்லை, எத்தனை ஏஹெச் வெளியே போனது என்பதுதான். அந்த எண்ணுக்கு இந்தக் குழப்பம் எதுவும் ஒட்டாது.

ஆக, வார இறுதியில் இரண்டு விளக்கும் போன் சார்ஜும் மட்டும் என்றால் பேப்பர் கணக்கும் வோல்ட் மீட்டரும் போதும், மேலே செலவழிக்காதீர்கள். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜோ இன்வெர்ட்டரோ இருந்தால் பேனலுக்கு முன்னால் ஷன்ட் வாங்குங்கள், கிளாம்ப் மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். அளக்கிற நாளில் வெளிக் கரன்ட் மட்டுமல்ல, வண்டி எஞ்சினிலிருந்து வரும் சார்ஜும் இருக்கக் கூடாது. வெயில் நாள் ஒன்று, குளிர் நாள் ஒன்று என இரண்டையும் அளங்கள். குளிரில் ஃப்ரிட்ஜ் ஓய்வெடுத்தாலும் ஹீட்டர் ஃபேன் இரவெல்லாம் இழுக்கும், அந்தக் காலத்தில் வெயிலும் குறைவு.

சரி, ஒரு நாளைக்கு 70 ஏஹெச் வந்தது என்றால், 12.5 வோல்ட்டால் பெருக்க 875 வாட் அவர். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 100 வாட் பேனல், 4 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான நாளில், இழப்பு போக 280 வாட் அவர் தந்தால் நல்லது. 300 வாட் போட்டால் 840தான், மயிரிழையில் பற்றாமல் போகும், 400 போட்டால் மேகம் வந்தாலும் கொஞ்சம் தாங்கும்.

ஷன்ட் மாட்டும்போது பேட்டரி நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் கேபிளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சேசிஸுக்கு, அதாவது வண்டியின் உலோகச் சட்டத்துக்குப் போகும் ஒயர் ஒன்று நேராகப் பேட்டரியில் இருந்தாலும் அதன் வழியே போகும் கரன்ட் கணக்கில் வராது. பின்னால் வரப்போகும் சோலார் கன்ட்ரோலரின் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நெகட்டிவையும் ஷன்ட்டின் லோடு பக்கத்தில், அதாவது பேட்டரி இல்லாத மறுமுனையில் கொடுக்கச் சொல்லுங்கள், மாட்ட வருபவர் அவசரத்தில் அதை நேராகப் பேட்டரி முனையில் முறுக்கிவிட்டுப் போய்விடலாம்.